நல்ல கட்டி நெஞ்சுக்கு ஏறுமா?

ஹாபுவிலிருந்து சுங்கை பாலாஸ் வரையில் மலைச்சரிவுகளெங்கும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, இப்போது ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் பிள்ளைகளின் வீடுகளில் ஓய்ந்திருக்கும் நம் தாய்மார்களிடம் சற்று நேரம் உட்கார்ந்து பேசினால், மழையும் கோயில் திருவிழாவும் பேரப் பிள்ளைகளின் படிப்பும் தீர்ந்த பிறகு வந்து சேரும் விஷயம் சரீர உபாதைகள்தாம். அவற்றுள்ளும் கர்ப்பப்பைக் கட்டி என்பது ஒரு தனி அத்தியாயம். “கட்டி இருக்குன்னாங்க, ஆனா கெட்ட கட்டி இல்லையாம்” என்று ஒருவர் தொடங்குவார். “எனக்குப் பையையே எடுத்துட்டாங்க, அதோட நிம்மதி” என்று மற்றொருவர் முடித்து வைப்பார். பெரும்பாலான பெண்களின் விஷயத்தில் அந்த நிம்மதி நியாயமானதே. மிகச் சிலருக்கு மட்டும் அந்தக் கதை அங்கே முடிவதில்லை. அந்த மிகச் சிலரைப் பற்றியும், அவர்களுடைய கட்டிகளின் உள்ளே இருக்கும் ஹார்மோன் ஏற்பிகள் என்னும் நுண்ணிய புரதங்களைப் பற்றியுந்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

எங்கள் லயத்தில் அடுத்த வாசலில் குடியிருந்து, என் தாயார் கொழுந்து எடுக்கப் போன வேளைகளில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த பெரியம்மா ஒருவருக்கு, நாற்பது வயதைத் தாண்டிய பருவத்தில் கர்ப்பப்பை நீக்கப்பட்டது. வெகு காலத்துக்குப் பின்னர், விடாத இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரல்களிலும் உருண்டை உருண்டையாக முடிச்சுகள் தென்பட்டன. காசநோய் இன்னும் முற்றாக நீங்காத இந்நாட்டில் முதல் சந்தேகம் அதன்மேல் விழுவது இயல்பு; சளியில் அதற்குரிய கிருமி இல்லை. அடுத்த சந்தேகம், எங்கேனும் ஒளிந்திருக்கும் புற்று பரவியிருக்குமோ என்பது. முடிவில் ஈப்போவுக்குச் சென்று ஊசி வழியே துணுக்கு எடுத்துச் சோதித்தபோது வந்த பதில், முடிச்சு மென்தசையால் ஆனது, ஈஸ்ட்ரோஜென் ஏற்பியும் புரோஜெஸ்டரோன் ஏற்பியும் அதில் இருக்கின்றன, பழைய கர்ப்பப்பைக் கட்டியின் வழித்தோன்றலே இது என்பதாகும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெரியம்மா என்னைக் கேட்டார்: “ஏம்மா, அன்னிக்கு நல்ல கட்டின்னுதானே சொன்னாங்க? நல்ல கட்டி எப்படிம்மா நெஞ்சுக்கு ஏறும்?”

கேள்வி எளிமையானதுதான், ஆனால் வைத்திய சாஸ்திரம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுவே.

கர்ப்பப்பைக் கட்டியின் சுபாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையின் சுவர், நம் இச்சைக்கு உட்படாமல் தானே சுருங்கி விரியும் மென்தசையால் ஆனது. குடலின் சுவரிலும் இரத்தக் குழாய்களின் சுவரிலும் இருப்பதும் இவ்வகைத் தசைதான். கர்ப்பப்பைத் தசையின் ஒற்றை உயிரணு ஒழுங்கு தவறிப் பெருகத் தொடங்குவதனால் ஒரு கட்டி பிறக்கிறது. அவ்வாறு ஒழுங்கு தவறுவதற்கான முக்கியக் காரணமொன்றை 2011ஆம் ஆண்டு பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து, எம்.ஈ.டி.12 என்னும் மரபணுவில் நேரும் மாற்றம் இத்தகைய கட்டிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் காணப்படுவதாக அறிவித்தார்கள். 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டி உண்டாகிறதென்று 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணித்தது. ஆகவே கர்ப்பப்பைக் கட்டி அபூர்வமன்று. பலருக்கு அது இருப்பதே தெரியாமல் காலம் கழிந்துவிடுகிறது. பெண் பருவமடைவதற்கு முன்னர் இது தோன்றுவதில்லை, மாதவிடாய் நின்ற பின்னர் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது என்னும் இரண்டு விஷயங்களை மாத்திரம் சேர்த்து நோக்கினாலே, சூலகத்தில் சுரக்கும் ஹார்மோன்களை நம்பி வாழும் கட்டி இது என்பது விளங்கிவிடும்.

இந்தக் கட்டி தான் பிறந்த இடத்தை விட்டு வெளியேறும் வழிகள் மூன்று அறியப்பட்டிருக்கின்றன. முதலாவது, கர்ப்பப்பையின் சிரைகளுக்குள் நுழைந்து, கயிறு போல் நீண்டு, பெருஞ்சிரை வழியாக மேலேறி, சில சமயங்களில் இருதயத்தின் வலப்புற அறைவரையில் சென்றுவிடுவது. இவ்வகையை 1896இல் ஜெர்மானியரான பிர்ஷ்-ஹிர்ஷ்ஃபெல்ட் விவரித்தார், இருதயம் வரை எட்டிய நிலையை 1907இல் டுர்க் எழுதினார். இரண்டாவது, பெரியம்மாவுக்கு நேர்ந்தது போல, நுரையீரலில் முடிச்சுகளாகத் தங்குவது. 1939இல் ஸ்டைனர் என்னும் அமெரிக்க நோய்க்கூற்றியல் வல்லுநர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி விரிவாக எழுதியதிலிருந்து இது தனி நோயாகப் பேசப்படலாயிற்று. மூன்றாவது, வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள சவ்வின்மீது எண்ணற்ற சிறு கணுக்களாகத் தோன்றுவது. 1952இல் வில்சனும் பீலும் விவரித்த இந்த வகை, கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் காலத்திலும் அதிகமாகக் கண்டறியப்பட்டது. மூன்றிலும் உயிரணுக்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் அவை சாதுவாகவே காட்சி தருகின்றன; பிளவுபடும் உயிரணுக்கள் அருகியே தென்படுகின்றன; புற்றுக்குரிய கோரம் ஏதுமில்லை. நடத்தையோ, பரவும் நோயின் நடத்தை. தோற்றமும் நடத்தையும் இவ்வாறு முரண்படும்போது, எதை வைத்துத் தீர்மானிப்பது?

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் நூலின் ஒரு நுனி, கட்டி ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றும் ஓரிடத்தில் அகப்பட்டது. சிரைக்குள் வளரும் கட்டியைப் பற்றி எழுதப்பட்ட அதே 1896ஆம் ஆண்டில், கிளாஸ்கோ நகரத்து அறுவை வைத்தியரான ஜார்ஜ் பீட்சன், மார்பகப் புற்று முற்றிய பெண்ணுக்குச் சூலகங்களை நீக்கியதனால் புற்று ஒடுங்கியதென்று வெளியிட்டார். பால் சுரப்புக்கும் சூலகத்துக்கும் உள்ள உறவைக் கால்நடை வளர்ப்போரின் அனுபவத்திலிருந்தும் அவர் ஊகித்திருந்தார். ஹார்மோன் என்னும் பெயரே அப்போது பிறந்திருக்கவில்லை. இருப்பினும் சூலகம் இல்லையென்றால் ஒரு கட்டி வாடும் என்பது கண்கூடாயிற்று. ஏன் சிலருக்கு மட்டும் வாடுகிறது, மற்றவர்களுக்கு ஏன் அசைவதில்லை என்பது மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது.

புதிரை விடுவித்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வுட் ஜென்சன். மலையில் வாழும் நமக்கு அவருடைய கதையில் ஒரு விசேஷம் உண்டு. வாலிபத்தில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, மலையேறிப் பழக்கமில்லாதவராயிருந்தும், மேட்டர்ஹார்ன் சிகரத்தில் அவர் ஏறினார். அந்தச் சிகரத்தை வெல்ல முயன்றவர்கள் பலரும் சுலபமாகத் தோன்றிய இத்தாலியப் பக்கமாகவே ஏறித் தோற்றிருக்க, கடினமென்று ஒதுக்கப்பட்ட சுவிஸ் பக்கமாக ஏறி 1865இல் விம்பர் உச்சியை அடைந்த வரலாறு அவர் மனத்தில் பதிந்துவிட்டது. அக்காலத்தில் எல்லோரும், ஹார்மோன் உடலுறுப்புக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஜென்சனோ மறுபக்கமாகப் புறப்பட்டு, உடலுறுப்பு ஹார்மோனுக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த எஸ்ட்ராடயோலை மிகச் சிறிய அளவில் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, மற்ற உறுப்புகள் அதைத் தங்கவிடாமல் போக்கிவிட, கர்ப்பப்பை மட்டும் அதை இரசாயன மாற்றம் ஏதும் செய்யாமல் பற்றி நிறுத்திக்கொண்டது புலனாயிற்று. பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். அதுவே ஈஸ்ட்ரோஜென் ஏற்பி. இந்த முடிவை 1958இல் வியன்னாவில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் அவர் படித்தபோது கேட்க வந்தவர் ஐவர், அவர்களிலும் மூவர் அதே அமர்வில் பேச வந்தவர்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாராம். 2004இல் அவருக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ஏற்பி என்றால் என்ன என்று பெரியம்மாவுக்கு விளக்க நான் பெரட்டையே துணைக்கு அழைத்தேன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் குரல் அங்கே நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழுகிறது. ஆனால் தன் பெயர் பதிவேட்டில் இருப்பவர்தாம் குரல் கொடுத்து வேலைக்குப் புறப்படுகிறார். இரத்தத்தில் கலந்து ஓடும் ஹார்மோனும் உடலின் எல்லா உயிரணுக்களையும் தொட்டுச் செல்கிறது. ஏற்பி உள்ள உயிரணு மட்டுமே அதற்குப் பதில் கொடுக்கிறது. ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பி தன் வடிவம் மாறி, உட்கருவில் மரபணுக்களின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, இன்ன புரதத்தைச் செய், இப்போது பெருகு என்று காரியத்தைத் தொடங்கி வைக்கிறது. மென்தசைக் கட்டியில் இரு ஹார்மோன்களும் கூட்டுச் சேர்கின்றன: ஈஸ்ட்ரோஜென் முன்னே சென்று புரோஜெஸ்டரோன் ஏற்பிகளை அதிகமாக உண்டாக்குகிறது, பின்னர் வரும் புரோஜெஸ்டரோன் அவற்றின் வழியாகக் கட்டியை வளர்க்கிறது. நெடுங்காலம் ஈஸ்ட்ரோஜெனை மட்டுமே குற்றவாளியாகக் கருதி வந்த வைத்தியர்கள், புரோஜெஸ்டரோனின் செயலைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மருந்தினால் கர்ப்பப்பைக் கட்டிகள் சுருங்குவதாக 1993இல் வெளிவந்த ஆய்வுக்குப் பின்னர்தான் தங்கள் அபிப்பிராயத்தைத் திருத்திக்கொள்ளத் தொடங்கினார்கள்.

இப்போது நுரையீரல் முடிச்சுகளுக்கு வருவோம். அவற்றுக்கு ஹார்மோனோடு உறவு உண்டென்பதற்கு முதற்சாட்சிகளாக நின்றவர்கள் நோயாளிகளே. கர்ப்பம் தரித்த ஒரு பெண்ணின் நுரையீரல் முடிச்சுகள் தாமே சுருங்கியதை 1977இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. 1980இல் கிராமரும் அவருடைய கூட்டாளிகளும் பரவிய கட்டியிலேயே ஈஸ்ட்ரோஜென் ஏற்பியை ஆராய்ந்து எழுதினார்கள். அடுத்த ஆண்டே, சூலகங்களை நீக்குவதனால் இந்நோயில் உண்டாகும் பயனைப் பற்றி அமெரிக்காவில் கட்டுரை வந்தது. அதன்பின் மரபணுச் சோதனைகள் விருத்தியடைந்தபோது, நுரையீரல் முடிச்சும் கர்ப்பப்பைக் கட்டியும் ஒரே உயிரணுவின் சந்ததி என்பதும் பல நோயாளிகளிடம் நிரூபணமாயிற்று. அந்த உயிரணுக்கள் இரத்த ஓட்டத்தின் வழியாகச் சென்றிருக்க வேண்டும் என்பதே இன்று வலுவாக நிற்கும் கருத்து. நோயாளிகளில் பெரும்பாலோர் முன்னரே கர்ப்பப்பையிலோ கட்டியிலோ அறுவை செய்துகொண்டவர்கள் என்பதும், அறுவைக்கும் முடிச்சு கண்டறியப்படுவதற்கும் இடையே பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடுவது சாதாரணம் என்பதும் கவனிக்கத்தக்கவை.

அப்படியானால் ஏற்பி இருந்தாலே அது தீங்கற்றது என்று சொல்லிவிடலாமா? சொல்லக்கூடாது. மென்தசைப் புற்றுகளிலும் சிலவற்றில், குறிப்பாகக் கர்ப்பப்பையில் பிறந்தவற்றில், இந்த ஏற்பிகள் காணப்படுவதுண்டு. கர்ப்பப்பையின் உட்படலத்தை ஒட்டிய திசுவில் தோன்றும் மந்தமான புற்று ஒன்றிலும் அவை தாராளமாக உண்டு. ஆதலால் ஏற்பி ஒரு சாட்சியே, தீர்ப்பு அன்று. உயிரணுக்களின் தோற்றம், அவை பிளவுபடும் வேகம், தசைக்குரிய புரதங்களான ஆக்டினும் டெஸ்மினும் சாயத்தில் தெரிகின்றனவா என்பது, பழைய கட்டியின் கண்ணாடித் தகடுகள் இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து நோக்கியே நோய்க்கூற்றியல் நிபுணர் ஒரு நிர்ணயத்துக்கு வருகிறார். ஏற்பியின் சிறப்பு வேறு இரண்டு வகைகளில் இருக்கிறது. நுரையீரலில் கிடந்த தசைத் துணுக்கின் உட்கருக்கள் இவ்விரு ஏற்பிகளுக்கும் உரிய சாயத்தில் பழுப்பாக ஒளிரும்போது, ‘இது பெண்ணின் கர்ப்பப்பையிலிருந்து வந்திருக்கலாம், அங்கே தேடு’ என்று அது ஊர் காட்டுகிறது. வந்த வழி தெரிந்த பிறகு, எதை நிறுத்தினால் இது ஒடுங்கும் என்று சிகிச்சைக்குத் திசையும் காட்டுகிறது.

திசை காட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டென்பதை, இதே குடும்பத்தின் தூரத்து உறவான மற்றொரு நோய் கற்பித்தது. பெண்களின் நுரையீரலையே பெரும்பாலும் பற்றி, மென்தசை போன்ற உயிரணுக்கள் பரவி, எங்கும் காற்றுப் பைகளாகத் துளைத்துவிடும் லாம் என்னும் அந்த நோயிலும் ஹார்மோன் ஏற்பிகள் இருக்கின்றன. ஆகவே நெடுங்காலம் அதற்கு ஹார்மோன் சார்ந்த சிகிச்சைகளே அளிக்கப்பட்டன. திடமான பயன் தெரியவில்லை. முடிவில் உதவியது வேறு வழியில் வேலை செய்யும் சிரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து அம்மருந்தைப் பிரித்தெடுத்த குழுவை நடத்தியவர், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்து கனடாவில் பணியாற்றிய சுரேந்திர நாத் சேகல். 2011இல் வெளிவந்த சோதனை அதன் பயனை நிலைநாட்டியது. ஏற்பி இருக்கிறது என்பதாலேயே ஹார்மோனைத் தடுத்தால் போதும் என்னும் சுருக்குவழி எல்லா நோய்க்கும் பொருந்தாது.

தீங்கற்ற கட்டி நுரையீரலுக்குப் பரவிய நோயிலோ அந்த வழி பலருக்கும் கைகொடுக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கிய பெண்ணுக்கு, தொந்தரவு ஏதுமில்லையென்றால், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதே பல வேளைகளில் போதும். முடிச்சு வளர்ந்தாலோ மூச்சு முட்டினாலோ, சூலகத்தைத் தற்காலிகமாக உறங்க வைக்கும் ஊசிகள் உண்டு. சூலகங்களை அறுவையால் நீக்குவதும் உண்டு. மாதவிடாய் நின்ற பின்னரும் உடற்கொழுப்பில் சிறிதளவு ஈஸ்ட்ரோஜென் உண்டாவதால் அதைத் தடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளும் உண்டு. இவையெல்லாம் எலும்பைத் தேய்க்கக்கூடியவை, உடலில் திடீர்ச் சூட்டை எழுப்பக்கூடியவை. ஆகையால் வைத்தியரின் கண்காணிப்பு இன்றியமையாதது. சிரை வழியாக இருதயத்தை எட்டிய வகைக்கு அறுவையே பிரதானம். அங்கே தாமதம் உயிருக்கு ஆபத்து. பெரியம்மாவுக்கு மாதவிடாய் நின்று வெகு காலமாகிவிட்டபடியால் கவனித்து வந்தால் போதும் என்றார்கள். முடிச்சுகள் வளரவில்லை, இருமலுக்கு வேறு காரணம் கண்டு மருந்தும் கொடுத்தாயிற்று.

பெரியம்மா அலைந்த அலைச்சலில் பாதிக்கு நோய் காரணமன்று. தாள் இல்லாமையே காரணம். நம் மாவட்டம் பகாங்கில் இருந்தாலும், தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சும் மருத்துவமனையில் முடியாத காரியத்துக்குத் தாப்பா பாதையிலோ சிம்பாங் பூலாய் பாதையிலோ பேராக் மாநிலத்துக்குள் இறங்கி ஈப்போவுக்குப் போவதே நமக்கு வழக்கமாயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. அங்கே போனதும், ‘முன்பு எடுத்த கட்டியின் சோதனை அறிக்கை எங்கே?’ என்பதே முதல் கேள்வி. லயத்திலிருந்து தாமானுக்கு வீடு மாறியபோது பெரியம்மாவின் தாள்கள் போன இடம் தெரியவில்லை. அறுவை நடந்த இடத்திலும் பழைய பதிவு அகப்படவில்லை. நுண்ணோக்கியில் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் சீக்கிரமே தீர்ந்திருக்கும் சந்தேகம், புற்றோ என்னும் பீதியாகப் பல வாரங்கள் அந்த வீட்டில் உறங்கவிடாமல் இருந்தது.

ஆகையால் இதைப் படிக்கும் சகோதரிகளுக்கும், தாயாரையோ மாமியாரையோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். கர்ப்பப்பையிலோ கட்டியிலோ அறுவை நடந்தால், தையல் பிரித்ததோடு திரும்பிவிடாதீர்கள். திசுச் சோதனையின் அறிக்கையைக் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரமும் மைகார்டும் வைக்கும் இடத்திலேயே பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு கழித்தானாலும், நெஞ்சில் முடிச்சு என்று எவரேனும் சொன்னால், ‘எனக்கு இந்த வருஷம் கர்ப்பப்பைக் கட்டி எடுத்தார்கள்’ என்பதை வைத்தியர் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள். ஹார்மோன் ஏற்பிச் சோதனை செய்வார்களா என்றும் தயங்காமல் கேளுங்கள். ஹார்மோன் மாத்திரையோ, மார்பகப் புற்றுக்காகத் தமொக்சிஃபெனோ, கடையில் வாங்கிய கச்சிப் பாத்திமா போன்ற மூலிகையோ உட்கொண்டு வந்தால் அதையும் மறைக்காதீர்கள். அந்த வகையான பொருள்களுக்கு இந்த ஏற்பிகளோடு தொடர்பு இருக்கக்கூடும். தீங்கற்ற கட்டியும் அபூர்வமாக இடம் பெயரலாம். இடம் பெயர்ந்ததாலேயே அது புற்றாகிவிடாது. அந்த வேறுபாட்டை வைத்தியர் விரைந்து கண்டுகொள்ள, உங்கள் கையிலிருக்கும் ஒரு பழைய தாள் உதவும், அதை எறிந்துவிடாதீர்கள்.